ஆல்ஹாவின் அடிச்சுவட்டில்

சென்னையிலிருந்து காசி யாத்திரை செல்லும் நம்மவர் பலர் இடார்சி, ஜபல்பூர், சத்னா வழியாகச் செல்லும் ரயிலில் பயணம் செய்கின்றனர். சத்னாவுக்குச் சற்று முன்னர் மைஹர் என்னும் நிலையம் வரும். அவ்வூர்க் குன்றின் உச்சியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்கு அப்பால், சாரதா தேவி கோயில் கொண்டிருக்கிறாள். பொழுது புலருமுன் யாரோ ஒருவர் வந்து தேவிக்கு முதல் மலரைச் சாத்திவிட்டுப் போகிறார் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. அவர்தாம் ஆல்ஹா, மரணமில்லா வரம் பெற்ற வீரர். குன்றின் பின்புறத்தே அவர் பெயரால் ஒரு குளமும் ஒரு மற்போர்க் களமும் காட்டப்படுகின்றன.

ஆல்ஹாவும் அவர் தம்பி ஊதலும் 12ஆம் நூற்றாண்டில் மகோபா நகரை ஆண்ட சந்தேல மன்னன் பரமர்தியின் படைத்தலைவர்கள் என்று கதை கூறுகிறது. அவர்கள் பிறந்த பனாபர் குலத்தைத் தாழ்ந்ததென்று கருதிப் பிற ராஜபுத்திரர் பெண் கொடுக்க மறுத்தனர். ஆகவே இக்கதையில் திருமணம் ஒவ்வொன்றும் ஒரு போராகவே முடிகிறது. அரசியின் உடன்பிறந்தான் மாஹிலின் கோளினால் சகோதரர் இருவரும் நாடு கடத்தப்பட்டுக் கன்னோசியில் தஞ்சம் புகுகின்றனர். அவ்வேளை பார்த்து டில்லி வேந்தன் பிருத்விராஜன் மகோபாவை முற்றுகையிடுகிறான். அரசி மல்ஹனா அழைப்பு விடுக்கிறாள். அவமதித்து அனுப்பிய நாட்டைக் காக்கத் திரும்புவதா என்பதே கதையின் உயிரான கேள்வி. அவர்கள் திரும்புகின்றனர். இறுதிப் போரில் ஊதல் மடிகிறான். ஆல்ஹா கானகம் புகுந்து மறைகிறார்.

கஜுராஹோவிலிருந்து வடக்கே சென்றால் மகோபாவை அடையலாம். கருங்கற்பாறைக் குன்றுகளும், வெற்றிலைக் கொடிக்கால்களும், சந்தேலர் வெட்டிய பேரேரிகளும் சூழ்ந்த ஊர் அது. மதனவர்மன் பெயர் தாங்கிய மதன் சாகரின் நடுவே ஒரு கற்கோயில் நிற்கிறது. கீர்த்திவர்மன் பெயர் தாங்கிய கீரத் சாகரின் கரையிலேதான் முற்றுகைப் போர் நிகழ்ந்ததென்பர். அன்று ரட்சாபந்தனத் திருநாள். போர் ஓய்ந்து மறுநாளே பெண்கள் முளைப்பயிரை நீரில் விட முடிந்ததாம். அதனால் இன்றும் மகோபாவில் அத்திருநாளை ஒருநாள் தாமதித்தே கொண்டாடுகின்றனர். நம் முளைப்பாரியை நினைவூட்டும் கஜலி விழா அது.

சரித்திரம் இதற்கு என்ன சான்று தருகிறது? லலித்பூர் மாவட்டத்து மதன்பூரில் 1182ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோமேசுவரன் மகன் பிருத்விராஜன் ஜேஜாகபுக்தி நாட்டைப் பாழ்படுத்தினான் என்று அது சுருங்கக் கூறுகிறது. ஆகவே படையெடுப்பு உண்மை. ஆனால் அக்கல்லில் ஆல்ஹாவின் பெயரும் இல்லை. ஊதலின் பெயரும் இல்லை. சந்தேலர் அத்துடன் அழிந்துவிடவும் இல்லை. 1202இல் குத்புதீன் ஐபக் காலிஞ்சர்க் கோட்டையை முற்றுகையிடும் வரை பரமர்தியே ஆண்டான். வென்றவன் தன் வெற்றியைக் கல்லில் பொறித்தான். தோற்ற நாட்டார் தம் வீரரைப் பாட்டில் வைத்தனர். அவன் கல்லைத் தேடிச் சென்று படிக்க வேண்டும். இவர்கள் பாட்டோ மழைக்காலந்தோறும் டோலக் முழக்கத்துடன் ஊர்ச் சாவடிகளுக்குத் தானே வந்துவிடுகிறது.

ஜகனிகர் என்னும் அரசவைப் பாவலர் இதனை இயற்றினார் என்பது மரபு. ஆயினும் அக்காலத்து ஏடு எதுவும் கிடைத்திலது. பாடகர் நாவிலேயே வளர்ந்த இக்காவியத்தை 1860களில் பருக்காபாத்தில் ஆட்சி அலுவலராயிருந்த சார்லஸ் எலியட் என்பார் பாணர்களைப் பாடச் செய்து எழுதுவித்தார். வாய்மொழியாக வந்தமையால் அதில் பிற்காலத்துச் செய்திகள் பல கலந்துள்ளன. ஆதலின் அதனை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது. பொய்யென்று தள்ளுவதும் தகாது. குலத்தால் இகழப்பட்டோர் குணத்தால் உயர்ந்தனர் என்று ஒரு நாடு எண்ணூறு ஆண்டுகளாக நம்ப விரும்பியிருக்கிறது. அவ்விருப்பமும் சரித்திரத்தின் ஒரு பகுதியே.

தமிழருக்கு இக்கதை முற்றிலும் அயலானதன்று. 1714இல் ஆர்க்காட்டு நவாபுடன் பொருது செஞ்சியில் மாண்ட தேசிங்குராஜன், இதே புந்தேல்கண்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட புந்தேல ராஜபுத்திரன். அவனுக்கும் நம் நாட்டார் கதைப்பாடல் கட்டினர். பறக்கும் குதிரை ஊதலுக்கும் உண்டு. தேசிங்குக்கும் புகழ்பெற்ற குதிரை உண்டு. அங்கே தாலா சையது, இங்கே மோவுத்துக்கான் என, இரு கதைகளிலும் உயிர் கொடுக்கும் முஸ்லிம் துணைவர் உளர். வடக்கிலிருந்து வந்து தோற்ற இளைஞனைத் தமிழ் மக்கள் தம்மவனாகவே பாடிவைத்தனர்.

ஜபல்பூரிலும் கான்பூரிலும் ஜான்சியிலும் தொழில் நிமித்தம் வாழும் தமிழன்பர்கள் அடுத்த ஆவணி மாதத்தில் ஒருநாள் மகோபா சென்று வரலாம். ஏரிக்கரையில் பாடுவோரின் மொழி முழுதும் விளங்காது போகலாம். அருகிலிருப்பவரைப் பொருள் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார். அவர் சொல்லி முடித்ததும், செஞ்சிக் கோட்டைக் கதையை அவருக்கு நீங்கள் சொல்லுங்கள்.