வாந்திபேதி நஞ்சும் சம்புநாத் தேயின் ஆய்வு நெறியும்

காலரா என்னும் கொள்ளைநோயைத் தமிழ் மக்கள் வாந்திபேதி என்றும் கக்கல் கழிச்சல் என்றும் வழங்கினர். இப்பெயர்கள் நோயின் குறிகளைக் கூறுவனவேயன்றிக் காரணத்தைச் சுட்டுவன அல்ல. 1854-இல் இத்தாலி நாட்டு அறிஞர் பாச்சினி, இந்நோயால் இறந்தாருடைய குடலில் ஒருவகை நுண்ணுயிரைக் கண்டு எழுதினார். அக்காலத்தார் அதனைப் போற்றிலர். 1883-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா வந்த செருமானிய அறிஞர் இராபர்ட் காக், அக்கிருமியே நோய்க்குக் காரணம் என 1884-இல் அறிவித்தார். கிருமி இன்னதெனத் தெரிந்த பின்னரும், அது மனிதனைக் கொல்லும் முறை யாது என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு அதே நகரில் 1959-இல் விடை கண்டவர் சம்புநாத் தே. இடையே எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தமைக்குத் தலையாய காரணம், ஆய்வாளர் பலரும் தேடிய இடம் பொருந்தாமையே என்பதை அவர்தம் ஆய்வு வரலாறு உணர்த்துகின்றது.

கிருமி நஞ்சொன்றை உண்டாக்குகிறது எனக் காக் கருதினார். ஆயின், 1892-இல் பைஃபர் என்பார், நஞ்சு கிருமியின் உடலுள்ளேயே அடங்கியிருந்து, கிருமி இறந்தபின் வெளிப்படுவது என்றார். இக்கொள்கையே நெடுங்காலம் ஆட்சி செலுத்திற்று. ஆய்வாளர் விலங்குகளின் நரம்பிலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் மாண்டன, ஆனால், இந்நோய்க்கே உரிய, அரிசி கழுவிய நீர் போன்ற கழிச்சல் அவற்றிற்கு உண்டாகவில்லை. நோய் குடலில் நிகழ்கிறது. சோதனையோ வேறிடத்தில் நிகழ்ந்தது.

தே 1915-இல் வங்காளத்து ஊக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, இலண்டனில் ராய் கேமரன் என்னும் நோயியல் அறிஞரிடம் ஆய்வு செய்து 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியபின் நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றுங்கால் காலரா ஆய்வில் ஈடுபட்டார்.

1953-இல் சட்டர்ஜி என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை திருப்புமுனையாயிற்று. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள் கிருமி வளர்ப்பினைச் செலுத்தினர். மறுநாள் அப்பகுதி நீரால் நிறைந்து பருத்திருந்தது. கிருமி செலுத்தாத பகுதியோ வெறுமையாயிருந்தது. இதனையொத்த சோதனையை 1915-இலேயே வியோல், கிரெண்டிரோபுலோ என்னும் இருவர் செய்திருந்தனர். அஃது எவராலும் பின்பற்றப்படாமல் மறைந்தது. 1956-இல் எஸ்செரிச்சியா கோலி என்னும் குடல்வாழ் கிருமியின் சில வகைகளும் இவ்வாறே கழிச்சலை விளைக்கும் என்பதையும் இம்முறையாலேயே தே காட்டினார்.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. நீரைச் சுரக்கச் செய்தது கிருமியா, கிருமி வெளிவிட்ட பொருளா? தே வளர்ப்பு நீர்மத்தை வடிகட்டிக் கிருமிகளை அறவே நீக்கினார். எஞ்சிய நீர்மத்தை மட்டும் குடலிற் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிறைந்தது. நஞ்சு, வளரும் கிருமி வெளிவிடுவதே என்பது இதனால் புலனாயிற்று. இம்முடிபு 1959 மே மாதத்தில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. முயலும் நூலும் வடிகட்டியும் அரிய கருவிகள் அல்ல; அரியது அவற்றைக் குடலின்பால் திருப்பிய சிந்தனையே. அந்நஞ்சினைத் தூய நிலையிற் பிரித்தெடுக்கும் பணி 1969-இல் ஃபிங்கெல்ஸ்டைன், லோஸ்பல்லுட்டோ ஆகிய இருவரால் நிறைவெய்தியது.

தாயகம் அவரை உரிய காலத்தில் மதித்ததா என்னும் வினாவிற்கு வரலாறு தரும் விடை கசப்பானது. 1955 முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல், கிருமியியல் துறைத் தலைவராய் விளங்கிய அவர், 1973-இல் ஓய்வு பெற்றார். இந்திய அறிவியற் கழகம் எதுவும் அவர் வாழ்நாளில் அவரை உறுப்பினராகத் தேர்ந்திலது. 1978-இல் சுவீடனில் காலரா குறித்து நிகழ்ந்த நோபல் கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பெற்றார். நோபல் பரிசாளர் யோசுவா லெடர்பர்க் அவர் பெயரைப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1985-இல் தே மறைந்தார். 1990-இலேதான் பெங்களூரில் வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது.

பாச்சினியின் கண்டுபிடிப்பும் 1915-ஆம் ஆண்டுச் சோதனையும் அச்சேறியும் கற்பாரின்றிக் கிடந்தன. தேயின் பணியும் பிறந்த நாட்டில் அந்நிலையையே பெரிதும் எய்திற்று. கண்டறிதல் ஒருவர் தொழில்; கண்டதைக் கற்றுப் போற்றுதல் அறிவுலகின் கடன். எத்துறை ஆய்வாளர்க்கும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.