இரவில் மணியடிக்கும் தொலைபேசி

போன மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையில் நாம் எட்டுப்பேர் இருந்தோம். எமது பிள்ளைகளில் ஒருத்தி, வால்டோர்ஃப் பக்கம் கொம்பியூட்டர் வேலைக்குப் போகிறவள், தனது கைத்தொலைபேசியை அணைத்து லாச்சிக்குள் வைத்து மூடினாள். வேலைக்கு வெளியே யாருடைய தொடர்பிலும் இல்லாமல் இருப்பது தனது உரிமை என்றாள். அதுவரை பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவளது அம்மம்மா நிமிர்ந்து பார்த்தா.

"அப்ப ஊரிலை ஆருக்கும் ஒண்டு நடந்தால் உனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"நடந்தது நடந்ததுதானே அம்மம்மா. திங்கட்கிழமை தெரிஞ்சாப் போதாதே?"

பிள்ளை பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மா கேட்டதும் பிழையில்லை. ஆனால் அன்று எமக்குச் சோறு இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த மேசையில் இரண்டு சரித்திரங்கள் எதிரும்புதிருமாக உட்கார்ந்திருந்தன என்று பிறகுதான் யோசித்தோம். ஒன்று இந்த ஊரினுடையது. மற்றது எம்முடையது.

ஹைடல்பேர்க்கிலிருந்து தெற்கே போகும் புகையிரதத்தில் கால் மணித்தியாலமளவில் வீஸ்லொக்-வால்டோர்ஃப் நிலையம் வந்துவிடும். பதினையாயிரம் பேரளவில் வாழும் சிறு நகரம். சித்திரை வைகாசியில் வயல்களில் வரம்பு கட்டி, மண்ணுக்குள்ளிருந்து ஸ்பார்கல் என்னும் வெள்ளைத் தண்டை வெட்டியெடுப்பார்கள். எம்மில் முதலில் வந்தவர்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரம் கோப்பை கழுவுகிற, கந்தோர் துப்புரவாக்குகிற இடம். எமது பிள்ளைகளுக்கோ அந்தக் கந்தோர்களிலேயே கதிரை கிடைத்திருக்கிறது.

உலகம் இந்த ஊரை அறிந்தது இரண்டு காரணங்களால். முதலாவது ஜோன் ஜேக்கப் அஸ்டர். 1763இல் இங்கு ஒரு இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்து, பதினாறு வயதில் ஊரைவிட்டு லண்டனிலிருந்த அண்ணனிடம் போய், பிறகு அமெரிக்கா சென்று, மென்மயிர்த்தோல் வியாபாரத்திலும் நியூயோர்க் காணிகளிலும் பணம் சேர்த்து, 1848இல் அந்நாட்டின் பெரிய பணக்காரனாகச் செத்தவர். கடலைக் கடந்தால் ஒரு கடிதம் வந்துசேர வாரங்கள், மாதங்கள் ஆகும் காலம் அது. ஊரில் நடந்ததை அவர் அறியும்போது அது பழைய கதையாகியிருக்கும். ஆனாலும் மனிதர் ஊரை மறக்கவில்லை. மரணசாசனத்தில் வால்டோர்ஃப்பின் ஏழைகளுக்கென 50,000 டொலர் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் எழுந்த அஸ்டர்ஹவுஸ் 1854இல் திறக்கப்பட்டது. ஊருக்குக் கோயில் கட்டக் காசு அனுப்பும் எமக்கு இந்த மனநிலை புதிதல்ல.

நியூயோர்க் ஹொட்டேலுக்கும், அதன்பின் ஸ்ருட்காட்டில் ஒரு சிகரெட் தொழிற்சாலைக்கும் இந்த ஊர்ப்பெயர் போயிற்று. அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1919இல் தொடங்கிய பள்ளிக்கூடத்திலிருந்துதான் உலகெங்குமுள்ள வால்டோர்ஃப் பள்ளிகள் வந்தன. 2011இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தி எழுதியது: கலிபோர்னியாவின் லொஸ் அல்ரோஸில் உள்ள அப்படியொரு பள்ளிக்கு, பெரிய கொம்பியூட்டர் நிறுவனங்களில் வேலை செய்யும் பெற்றோர் தமது பிள்ளைகளை அனுப்புகிறார்கள், அங்கு சின்ன வகுப்புகளில் திரையே கிடையாது. திரையை விற்பவர்கள் தமது பிள்ளைகளுக்குச் சுண்ணக்கட்டியையும் கரும்பலகையையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று படித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் எமக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

நிற்க. இரண்டாவது காரணம் எஸ்.ஏ.பி. நிறுவனம். 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியியலாளர்கள் வைன்ஹைமில் தொடங்கினார்கள். 1977இல் வால்டோர்ஃப்புக்கு வந்தார்கள். அவர்கள் செய்த புதுமை என்னவென்று விளங்க, அதற்கு முன்னைய கந்தோரை நினைத்துப் பார்க்கவேண்டும். பகலில் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் துளையட்டைகளில் குத்தப்படும். அட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து இரவில் இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். விடை காலையில்தான் வரும். கணக்குக்கும் ஒரு இரவு இருந்தது. இந்த ஐவரும் அந்த இரவை எடுத்துவிட்டார்கள். திரையில் எழுத்தை அடித்த கணமே களஞ்சியக் கணக்கும் காசுக் கணக்கும் மாறவேண்டும் என்றார்கள். 1979இல் வந்த ஆர்/2, 1992இல் வந்த ஆர்/3 என்ற அவர்களது மென்பொருட்பெயர்களில் உள்ள 'ஆர்' என்ற எழுத்து 'றியல்ரைம்' என்பதன் முதலெழுத்து. அந்தந்தக் கணத்திலேயே என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்கத்தில் அவர்களிடம் சொந்தக் கொம்பியூட்டர் இல்லை. முதல் வாடிக்கையாளரான ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஒஸ்ரிங்கன் நைலோன் தொழிற்சாலையில், அங்குள்ள இயந்திரம் ஓய்ந்திருக்கும் இரவுகளிலும் சனி ஞாயிறுகளிலும் உட்கார்ந்து எழுதினார்கள். கணக்கை இரவுக்குக் காத்திருக்க வைக்காத மென்பொருள், மனிதர் இரவுறக்கம் கெட்டு எழுதியதிலிருந்து பிறந்தது.

அந்தப் பழக்கம் நிறுவனத்தோடு வளர்ந்தது. நேர அட்டை குத்தத் தேவையில்லாத 'நம்பிக்கை வேலைநேரம்' அங்கு வழக்கம். எப்போது வேலை செய்வது என்பது உன் கையில் என்பார்கள். எப்போது நிறுத்துவது என்பதும் உன் கையில்தான். ஆனால் எவர் முதலில் நிறுத்துவது? 2006 பங்குனியில் தொழிலாளர் பேரவை ஒன்று வேண்டுமா என்று கூட்டம் கூடியபோது பத்தில் ஒன்பது பேர் வேண்டாமென்று வாக்களித்தார்கள். அதை வற்புறுத்திய சிலர் நீதிமன்றம்வரை போக, சட்டப்படி பேரவை அந்த ஆண்டே தெரிவு செய்யப்பட்டது. நிறுவனம் தொடங்கி 34 வருடங்களுக்குப் பின். நல்ல சம்பளம் வாங்கும் படித்தவர்கள், தமக்காகப் பேச ஒருவர் தேவையென்று நினைக்கவில்லை. எம்மவரிலும் இப்படியானவர்களைக் கண்டிருக்கிறோம்.

ஜேர்மன் சட்டத்தில் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையில் 11 மணித்தியாலம் இடையறாத ஓய்வு இருக்கவேண்டும். 1938இல் நாசிகள் இட்ட வேலைநேர ஆணையைக் கழித்து 1994இல் கொண்டுவந்த வேலைநேரச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பிறகு கைத்தொலைபேசிக்குள் மின்னஞ்சல் வந்தது. 2011இல் வொல்க்ஸ்வாகனில் தொழிலாளர் பேரவை ஒரு உடன்பாட்டைப் பெற்றது: வேலை முடிந்து அரை மணித்தியாலத்தில் பிளக்பெரிக்கு மின்னஞ்சல் அனுப்புவதை நிறுவனத்தின் இயந்திரமே நிறுத்திவிடும், மறுநாள் வேலை தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன் திறக்கும். பெரிய அதிகாரிகள் இதற்குள் அடங்கவில்லை. 2014இல் டைம்லர் இன்னொன்று செய்தது. விடுமுறையில் இருப்பவர் விரும்பினால் அவருக்கு வரும் மின்னஞ்சல் அழிக்கப்படும். அனுப்பியவருக்கு வேறொருவரின் முகவரி தரப்படும். பிரான்ஸ் 2017 தையிலிருந்து தொடர்பறுக்கும் உரிமையைச் சட்டத்திலேயே எழுதியது. எமது பிள்ளை லாச்சியை மூடியபோது சொன்ன உரிமை இந்த வழியாக வந்ததுதான்.

ஆனால் அந்த உரிமை மேசைக்கு மேலே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு மேசையைத் துடைப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. எம்மில் ஒருவர் ஒப்பந்தத் துப்புரவு நிறுவனமொன்றில் (பெயர் வேண்டாம்) பல வருடம் வேலை செய்தார். நாளை விடிய நாலரைக்கு எந்தக் கட்டடம் என்பது முதல்நாள் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வரும். பார்க்காவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும். 2023 ஆவணியில் ஏர்பேர்ட்டிலுள்ள உயர் தொழில் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அவசர மருத்துவ ஊழியர் ஒருவர், ஓய்வு நாளில் எஸ்.எம்.எஸ். பார்த்து அடுத்த நாள் வேலைநேரத்தை அறியவேண்டிய கட்டாயம் தனக்கில்லை என்று வழக்காடினார். கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்நீதிமன்றமோ, அவரது வேலைத்தலத்தில் அப்படி அறிவிக்கும் உடன்பாடு இருப்பதால் பார்க்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு கணமே ஆகும், அதனால் ஓய்வு கெடாது என்றது. பார்க்க ஒரு கணம் போதும்தான். வருமா வருமா என்று காத்திருக்கும் மாலை முழுவதையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி எமது சரித்திரம். எமக்குத் தொடர்பறுதல் என்ற சொல் வேறு விதமாகத்தான் அறிமுகம். 1983 ஆடிக்குப் பின் வந்தவர்கள் அகதிமுகாமிலிருந்து மஞ்சள் தொலைபேசிப் பெட்டிக்கு ஐந்து மார்க் குற்றிகளைப் பொத்திக்கொண்டு நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். குற்றி விழும் சத்தத்தில் அம்மாவின் குரல் பாதி கேட்கும், பாதி கேட்காது. "சாப்பிட்டியே?" என்று அவ கேட்டு முடிக்குமுன் காசு முடிந்துவிடும்.

1990 ஆனியில் மீண்டும் யுத்தம் தொடங்க, அதுவும் போயிற்று. குடாநாட்டுக்கு மின்சாரமில்லை, தொலைபேசியில்லை. பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்றக் களைத்தால் செய்தி நின்றுவிடும். வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பிய தாய், புலிகளிடம் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, சோதனைச் சாவடிகள் தாண்டி, கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, கொமினிக்கேசன் கடை வாங்கில் முறைபார்த்து இருக்கவேண்டும். அரசு வயரை அறுத்தது. புலிகள் பாதையைப் பூட்டினார்கள். பொத்தான் எவர் கையிலும் இருந்தது, அந்தத் தாயின் கையில் மட்டும் இல்லை.

1998 தையில் ஜேர்மனியில் தொலைபேசித் தனியுரிமை நீங்கி அழைப்புக் கட்டணம் விழுந்தது. கடைகளில் விதம்விதமான ரெலிபோன் கார்ட்டுகள் தொங்கின. வீட்டுக்கு வீடு தொலைபேசி மணியடித்தது. கூடவே எமக்கு ஒரு பயமும் குடிவந்தது. இங்கு அதிகாலை இரண்டு மணி என்றால் மாரியில் ஊரில் ஆறரை. அந்த நேரத்து மணி நல்ல செய்திக்கு அடிப்பதில்லை. முதல் மணிக்கு எழும்பி, இரண்டாவது மணிக்குள் இருக்கும் உறவுகளையெல்லாம் மனதுக்குள் எண்ணி, மூன்றாவது மணிக்குத்தான் எடுப்போம்.

2009இல் அந்த மணிகூட அடிக்கவில்லை. தை தொடங்கி வைகாசி வரை வன்னிக்குள் இருந்தவர்களிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லாமல் எத்தனையோ வீடுகள் இருந்தன. குளிக்கப் போகும்போதும் தொலைபேசியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போனோம். செட்டிகுளம் முகாம்களிலிருந்து சிலருக்குக் குரல் வந்தது. சிலருக்கு இன்றுவரை வரவில்லை. அவர்களது வீட்டில் போய்த் தொடர்பறுக்கும் உரிமை பற்றிக் கதைக்க எமக்கு வாய் வராது.

அதன்பின் அறுப்பதும் புது முறையில் வந்தது. 2018 பங்குனியில் கண்டிக் கலவரத்தின்போது இலங்கை அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவு முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 சித்திரையில் மக்கள் அரசுக்கெதிராகத் தெருவுக்கு வந்தபோதும் முடக்கியது. கடைசித் தடவை ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்தச் சில மணித்தியாலங்களுக்குள் எமது கைகள் 1990க்குத் திரும்பிவிட்டன. திரும்பத் திரும்ப அதே இலக்கத்தை அழுத்தினோம்.

இப்போது எமது குடும்பங்களுக்கு இரவு கிடையாது. ரொறன்ரோ எமக்கு ஆறு மணித்தியாலம் பின்னால், ஊர் கோடையில் மூன்றரை மணித்தியாலம் முன்னால். எந்நேரமும் ஒருவர் விழித்திருக்கிறார். விழித்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. கலியாண வீடியோ, செத்தவீட்டு அறிவித்தல், கோயில் தேர், யாரோ சுட்ட கேக். துளையட்டைகளின் இரவை எஸ்.ஏ.பி. எடுத்ததுபோல எமது இரவை நாமே எடுத்துக்கொண்டோம். இது பாசமா பயமா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மஞ்சள் பெட்டிகள் போய்விட்டன. அவற்றின் வழிவந்த பொதுத் தொலைபேசிகளில் 2022 கார்த்திகையோடு குற்றி போடுவதை நிறுத்தினார்கள். 2023 தையோடு கார்ட்டும் நின்றது. எமது வீட்டுக் கொரிடோரில் மட்டும் பழைய வயர்த் தொலைபேசி இன்னமும் இருக்கிறது. விளம்பரக்காரரைத் தவிர வேறெவரும் அதற்கு அழைப்பதில்லை. கழற்ற அம்மம்மா விடமாட்டா.

அந்த ஞாயிறுக்குப் பிறகு பேத்தி தனது கைத்தொலைபேசியை வேறுமாதிரி ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். மாலை ஆறு மணிக்குப் பின் நான்கு இலக்கங்களிலிருந்து வந்தால் மட்டும் அது மணியடிக்கும். அம்மம்மாவுடையது அதில் ஒன்று. ஊரிலிருக்கும் தனது தங்கச்சியின் இலக்கத்தையும் அதில் சேர்க்கச் சொல்லி அம்மம்மா கேட்டிருக்கிறா. அந்தத் தங்கச்சி நாளுக்கு முப்பது 'காலை வணக்கம்' பூப்படம் அனுப்புகிறவ. பேத்தி யோசித்துக்கொண்டிருக்கிறாள்.