ரப்பர் தவளையும் விரால் குஞ்சும்: சேலம், நாமக்கல் தூண்டிலோட ஒரு சின்ன வரலாறு

இந்த எபிசோட் ஒரு ரப்பர் தவளையில இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஆன்லைன்ல ஒரு ஃப்ராக் லூர் வாங்கினேன். பச்சைக் கலர், பின்னாடி ரெண்டு ரப்பர் கால், முதுகோட ஒட்டின மாதிரி ரெட்டை முள். பாக்கெட் மேல ஒரு அமெரிக்க பாஸ் மீன் வாயைப் பொளந்துக்கிட்டு துள்ளுற படம். நம்ம ஊர்ல பாஸ் மீன் கிடையாது. ஆனா யூட்யூப்ல பார்த்த வரைக்கும் விராலுக்கு இதுதான் லூர். லீவுக்கு ஊருக்குப் போனப்ப எடுத்துக்கிட்டுப் போனேன்.

நாமக்கல் பக்கம் ஒரு ஏரி. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். கரையில எழுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் மூங்கில் குச்சியோட உக்காந்திருந்தார். என் ரீலைப் பார்த்தார், லூரைப் பார்த்தார், சிரிச்சார்.

"ஏன் கண்ணு, இதென்ன ரப்பர் தவளையா? நாங்க உசுரோடவே கட்டுவோமே."

"எப்ப இருந்துங்க தாத்தா?"

"எங்கப்பன் காலத்துல இருந்தே."

அவர் இன்னொன்னும் சொன்னார். அதை நான் அன்னைக்கு காதுல வாங்கல. அதைக் கடைசில சொல்றேன். முதல்ல அந்த "எப்ப இருந்து"ங்கிற கேள்விக்குப் பதில் தேடலாம்.

மூங்கில் ராட்

தூண்டிலுக்கு நம்மகிட்ட இருக்குற பழைய சாட்சி குறுந்தொகை. அதோட 54-வது பாட்டுல ஒரு உவமை வருது. யானை ஒரு பச்சை மூங்கிலை வளைச்சுப் பிடிச்சிட்டு விட்டுடுது. மூங்கில் விருட்டுனு மேல எழும்புது. எது மாதிரி? மீன் மாட்டினதும் மேல எழும்புற தூண்டில் மாதிரி. எழுதினவரோட பேர் நமக்குத் தெரியாது. அந்த உவமையை வச்சே அவருக்கு மீனெறி தூண்டிலார்னு பேர் வந்துடுச்சு.

ஒரு இன்ஜினியரா எனக்கு இதுல பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. மூங்கில் வளையும், ஆனா உடையாது. மீனோட இழுப்பை வாங்கிக்கிட்டு திருப்பித் தரும். இன்னைக்கு கார்பன் ஃபைபர் ராடுக்கு நாம கொடுக்குற காசு இந்த ஒரு குணத்துக்குத்தான். தாத்தா கையில இருந்த குச்சிக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவுல சுமார் ரெண்டாயிரம் வருஷம். பொருள் மாறல.

துரை பிடிச்ச மீன்

அடுத்த கட்டம் பிரிட்டிஷ் காலம். ஹென்றி சலிவன் தாமஸ்னு மதராஸ் மாகாணத்துல ஒரு சிவில் அதிகாரி. 1873-ல "தி ராட் இன் இந்தியா"ன்னு ஒரு புத்தகம் போட்டார். இந்திய ஆறுகள்ல தூண்டில் போடுற வெள்ளைக்காரங்களுக்கு அது பல வருஷம் கைடு மாதிரி இருந்துச்சு. அதுல ஹீரோ மஹசீர். ஆத்து வேகத்துல வளர்ற பெரிய கெண்டை ஜாதி.

1887-ல அவரே இன்னொரு புத்தகம் எழுதினார். இந்தத் தடவை முழுக்க ஏரி, குளத்துல தூண்டில் போடுறதைப் பத்தி. ஏன்னா மஹசீர் தேடி மலையடிவாரம் போக எல்லாருக்கும் லீவு கிடைக்காது. சமவெளியில வேலை பார்க்குறவனுக்கு ஏரிதான் கதி. சேலம், நாமக்கல்ல வளர்ந்த நமக்கு இது நல்லாவே புரியும்.

அதே காலத்துல இன்னொரு வேலையும் நடந்துச்சு. 1873-ல ஃபிரான்சிஸ் டே இந்தியா, பர்மாவோட நன்னீர் மீன்களைப் பத்தி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். குஞ்சு மீனைக்கூட விடாம அள்ளுறாங்க, அணைக்கட்டுகள் மீனோட வழியை மறிக்குதுன்னு அப்பவே பேச்சு கிளம்பிடுச்சு. 1897-ல இந்திய மீன்வளச் சட்டம் வந்துச்சு. வெடி வச்சு மீன் பிடிக்கக் கூடாது, தண்ணில விஷம் கலக்கக் கூடாது. ஆமா, தோட்டா போட்டு மீன் அடிக்கிறது 1897-லயே குத்தம். இன்னைக்கும் காவிரியில அங்கங்க அது நடக்குதுங்கிறதுதான் சோகம்.

காவிரியின் பெரிய மீன்

சரி, காவிரிக்கு வருவோம். தூண்டில்ல பிடிச்ச மஹசீர்ல உலக சாதனைன்னு சொல்லப்படுற மீன் காவிரிப் படுகையோடது. 1946-ல கபினி ஆத்துல மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடிச்சது. 120 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 54 கிலோ.

1970-கள்ல மூணு இங்கிலாந்து இளைஞர்கள் இந்த மீனைத் தேடி வந்து, "இன்னும் இருக்கு"ன்னு உலகத்துக்குச் சொன்னாங்க. அதுக்கப்புறம் கர்நாடகப் பக்கம் காவிரிக் கரையில கேம்ப்கள் வந்துச்சு. பிடிச்சு, எடை போட்டு, போட்டோ எடுத்து, திரும்ப ஆத்துலயே விடணும். இதுதான் விதி. உள்ளூர்ல வெடி போட்டுக்கிட்டு இருந்தவங்களில் சிலருக்கு அங்க காவலாளி வேலையும் வழிகாட்டி வேலையும் கிடைச்சது. உயிரோட இருக்குற மீனுக்கு முதல்முறையா ஒரு சம்பளம் வந்துச்சு.

ஆனா கதையில ஒரு ட்விஸ்ட். எல்லாரும் கொண்டாடின அந்தத் திமில் மஹசீருக்கு உறுதியான அறிவியல் பேர் 2018 வரைக்கும் கிடையாது. அந்த வருஷம்தான் அது "டோர் ரெமாதேவி"ன்னு ஆய்வாளர்கள் காட்டினாங்க. சென்னையில வேலை பார்த்த விலங்கியலாளர் ரெமாதேவி பேர்ல 2007-லயே பாம்பாறுல இருந்து விவரிக்கப்பட்ட இனம் அது. பாம்பாறு அமராவதிக்குப் போகுது, அமராவதி காவிரியில சேருது. பேர் உறுதியான அதே வருஷம் அது மிக ஆபத்தான அழிவு நிலைன்னு சிவப்புப் பட்டியல்ல ஏறிடுச்சு.

ஏன் குறைஞ்சது? அணை, மணல், வெடி எல்லாம் காரணம். கூடவே ஒரு நல்ல எண்ணமும் காரணம். மீனைக் காப்பாத்துறோம்னு மகாராஷ்டிராவோட லோனாவாலாவில வளர்த்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளை காவிரியில விட்டாங்க. அது பெருகுச்சு, சொந்த ஊர் மீன் சுருங்குச்சு. டெஸ்ட் பண்ணாம புரொடக்‌ஷன்ல போட்ட கோடு மாதிரிதான் இது. ஒரே வித்தியாசம், ஆத்துல ரோல்பேக் பண்ண முடியாது.

1934: ஆறு ஏரியான வருஷம்

இப்ப நம்ம மாவட்டம். மேட்டூர் அணை வேலை 1925-ல ஆரம்பிச்சு 1934-ல முடிஞ்சது. 120 அடி, 93.47 டி.எம்.சி. இந்த ரெண்டு நம்பரும் நம்ம ஊர்ல செய்தி பார்க்குற எல்லாருக்கும் மனப்பாடம். தண்ணி இறங்கினா பண்ணவாடியில முழுகிக் கிடந்த நந்தியும் சர்ச் கோபுரமும் தலை காட்டும். அதைப் பார்க்க நாம பைக்ல போவோம். தண்ணிக்கு அடியில முழுகினது ஊர் மட்டும் இல்ல, ஒரு ஆத்தோட பழக்கமும்தான்.

காவிரியோட வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை மாதிரி மீன்களுக்கு ஓடுற தண்ணி வேணும். புது வெள்ளம் வந்தா எதிர் நீச்சல் போட்டு மேல போய் முட்டை போடும். கடல்ல இருந்து ஆத்துக்குள்ள ஏறி வர்ற உல்லம் மீனும் காவிரியில இருந்துச்சு. கீழ அணைக்கட்டுகள், மேல மேட்டூர்னு வந்ததும் அந்த வழி அடைஞ்சது.

நின்ன தண்ணிக்கு வேற மீன் தேவைப்பட்டுச்சு. கட்லா வந்துச்சு. அது கங்கை, கோதாவரி மீன், காவிரிக்குச் சொந்தமில்ல. மீன்வளத் துறை கொண்டு வந்து விட்டது. 1952-ல இலங்கையில இருந்து மண்டபத்துக்கு ஒரு ஆப்பிரிக்க மீனைக் கொண்டு வந்தாங்க. திலாப்பியா. நாம ஜிலேபி கெண்டைன்னு சொல்றோமே, அதுதான். இன்னைக்கு அது இல்லாத ஏரியே இல்ல.

இதை வில்லன் கதையா மட்டும் சொன்னா நியாயம் இல்ல. மேட்டூர்ல பரிசல்ல போய் வலை விரிக்கிற குடும்பங்களுக்கு சோறு போடுறது பெரும்பாலும் இந்த வந்தேறி மீன்கள்தான். வார்டுல, ஹாஸ்டல்ல, கையேந்தி பவன்ல குறைஞ்ச விலைக்கு மீன் கிடைக்குறதும் இதனாலதான். லாபமும் உண்மை, இழப்பும் உண்மை.

மிச்சிகன்ல இருந்து நாமக்கல்லுக்கு

சரி, ரப்பர் தவளை எங்க இருந்து வந்துச்சு? 1890-கள்ல அமெரிக்காவோட மிச்சிகன்ல டோவாஜியாக்னு ஒரு ஊர். ஜேம்ஸ் ஹெடன் அங்க மரத்துல தவளை செதுக்கி பாஸ் மீனுக்குப் போட்டார். அது பெரிய தொழிலா வளர்ந்துச்சு. பிறகு மரம் போய் பிளாஸ்டிக் வந்துச்சு. பாஸ் மீனும் ஊர் ஊரா போச்சு. 1925-ல ஜப்பானுக்குக் கொண்டு போனாங்க. அமெரிக்காவுல 1932-ல இருந்து நின்ன எடை சாதனையை, 2009-ல ஜப்பானோட பிவா ஏரியில பிடிச்ச ஒரு பாஸ் சமன் பண்ணுச்சு. அதே ஜப்பான்ல பாஸ் இன்னைக்கு சட்டப்படி ஆக்கிரமிப்பு இனம். திலாப்பியா கதை ஞாபகம் வருதா?

பாஸுக்குச் செஞ்ச லூர் விராலுக்கு ஏன் வேலை செய்யுது? ரெண்டும் பதுங்கி அடிக்கிற வேட்டைக்கார மீன். ரெண்டும் தாமரை, பாசிக்குள்ள ஒளிஞ்சு நிக்கும். விராலுக்கு இன்னொரு குணம் இருக்கு, அது காத்தை நேரா சுவாசிக்கும். அதனால அடிக்கடி மேல வந்து ஒரு மொடக்கு காத்து குடிச்சிட்டுப் போகும். அந்தக் குமிழிதான் நமக்கு சிக்னல். முள் மேல் பக்கம் படிஞ்சிருக்குறதால பாசியில சிக்காது. லைன் கொஞ்சம் தடிமனா, பின்னல் லைனா இருக்கணும். நைலான் நரம்பு இழுத்தா நீளும், பாசிக்குள்ள இருந்து விராலைப் பிடுங்க முடியாது. அடிச்ச உடனே சுண்டக் கூடாது. தவளையை முழுசா வாய்க்குள்ள வாங்க ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் கொடுக்கணும். உசுரு தவளை கட்டின தாத்தாவுக்கு இது எல்லாமே தெரியும், ரிவ்யூ வீடியோ பார்க்காமலே.

தாத்தா சொன்ன இன்னொன்னு

அன்னைக்கு ஏரியில ஒரு இடத்துல தண்ணி கொதிக்குற மாதிரி இருந்துச்சு. கிட்டப் போனா, செங்கல் கலர்ல நூத்துக்கணக்கான குஞ்சுங்க கூட்டமா மேல வந்து மேல வந்து போகுது. அதுக்குக் கீழ தாய் தகப்பன் விரால் காவல் நிக்கும். கிட்ட எது வந்தாலும் பசிக்காக இல்ல, கோபத்துல அடிக்கும்.

தாத்தா சொன்னார், "குஞ்சு கட்டி நிக்கறப்ப போடாத கண்ணு."

நான் போட்டேன். ரெண்டாவது வீச்சுலயே அடிச்சது. ஒன்றரைக் கிலோ இருக்கும். போட்டோ எடுத்தேன். முள்ளைக் கழட்டத் தெரியாம செவுளைக் கிழிச்சிட்டேன். திரும்ப விட்டாலும் பிழைக்காது. அரை மணி நேரம் கழிச்சு அந்த இடத்துல ஜிலேபி கெண்டைங்க புகுந்து புகுந்து மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. செங்கல் கலர் கூட்டம் சின்னதாகிக்கிட்டே போச்சு. தாத்தா ஒன்னுமே பேசல. குச்சியை மடக்கி வச்சுட்டு கிளம்பிட்டார்.

அதுக்கப்புறம்தான் இந்த வரலாறு எல்லாம் தேடிப் படிச்சேன். 1873 அறிக்கை, 1897 சட்டம், 2018 சிவப்புப் பட்டியல். எல்லாத்தோட சாரமும் அந்த ஒரு வாக்கியத்துல இருந்துச்சு. அதை எழுதி வைக்கத்தான் யாரும் இல்ல.

அதனால, நீங்க ராட் எடுத்துக்கிட்டு கிளம்புறதா இருந்தா மூணே விஷயம். ஒன்னு, ஏரியில மீன் குத்தகை யாரோடதுன்னு கேட்டு அனுமதி வாங்கிட்டுப் போடுங்க, அது ஒருத்தரோட பிழைப்பு. ரெண்டு, முள்ளோட எதிர்க்கொக்கியை பிளையர்ல நசுக்கிடுங்க, விடணும்னா உயிரோட விடலாம். மூணு, செங்கல் கலர் கூட்டம் தெரிஞ்சா லூரைப் பையில போட்டுட்டு டீ குடிக்கப் போங்க.

நான் அந்த ஏரிக்கு இந்த வருஷமும் போனேன். தாத்தா வரல. பக்கத்து டீக்கடையில அவரைத் தெரிஞ்சவங்க "முழங்கால் வலி, வீட்டுலதான் இருக்காரு"ன்னாங்க. அடுத்த வாரம் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன், ரெக்கார்டரோட. அவர் பேசச் சம்மதிச்சா, அடுத்த எபிசோட் அவரோடது.