வீடுகளில் ரேடான் வாயு: அளந்தறிதலும் அகற்றுதலும்

ரேடான் என்பது மண்ணிலும் பாறைகளிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் இயற்கையாக உருவாகும் கதிரியக்க வாயு ஆகும். இதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. திறந்தவெளியில் இது காற்றுடன் கலந்து செறிவு குறைந்துவிடும். மூடிய வீட்டினுள் தேங்கி மிகும். கனடாவில் நுரையீரல் புற்றுநோயால் ஏற்படும் இறப்புகளில் சுமார் 16 விழுக்காட்டிற்கு ரேடான் காரணம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை மதிப்பிட்டுள்ளது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக அந்நோய்க்கு முதன்மைக் காரணம் இதுவே.

வீட்டினுள் எவ்வாறு நுழைகிறது?

வீட்டிலுள்ள வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறும்போது, கீழ்த்தளத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. அதனால் மண்ணிலுள்ள வாயு உள்ளே இழுக்கப்படுகிறது. தரை வெடிப்புகள், சுவர் இணைப்புகள், குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகள், தரையடி நீர் சேரும் குழிகள் ஆகியவை அதன் வழிகள். கதவும் சன்னலும் மூடியிருக்கும் குளிர்காலத்தில் அளவு பொதுவாக உயரும். பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையில் வசிப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

உடலுக்கு என்ன தீங்கு?

மூச்சுடன் உட்செல்லும் ரேடானும் அதன் சிதைவுப் பொருள்களும் ஆல்ஃபா துகள்களை வெளியிட்டு, நுரையீரல் உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துகின்றன. இப்பாதிப்பு பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். அதுவரை இருமல், தலைவலி போன்ற எச்சரிக்கை அறிகுறிகள் எவையும் தோன்றுவதில்லை. புகைபிடிப்போருக்கு இவ்விடர் பன்மடங்கு அதிகம்.

அளப்பது ஏன் இன்றியமையாதது?

1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லிமரிக் அணுமின் நிலையப் பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் பணியிடத்தின் கதிர்வீச்சு உணர்கருவியைக் கடந்தபோது எச்சரிக்கை மணி ஒலித்தது. அந்நிலையம் அப்போது மின்னுற்பத்தியைத் தொடங்கியிருக்கவில்லை. ஆராய்ந்தபோது, கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்தே வந்தது தெரிந்தது. வீட்டில் ரேடான் மிகமிக உயர்ந்த அளவில் இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் அதனை உணரவில்லை. அக்குடும்பம் வெளியேறி, வீடு சீரமைக்கப்பட்ட பின் அங்கேயே திரும்பியது.

அருகருகே உள்ள வீடுகளிலும் அளவு பெரிதும் வேறுபடலாம். எனவே அண்டை வீட்டின் முடிவைக் கொண்டு உங்கள் வீட்டைப் பற்றி முடிவு செய்ய இயலாது.

எவ்வாறு அளப்பது?

• குடும்பத்தினர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் இருக்கும் மிகத் தாழ்ந்த தளத்தில் அளவுக்கருவியை வைக்கவும். சமையலறையும் குளியலறையும் ஏற்றவை அல்ல.
• குறைந்தது மூன்று மாதங்கள், இயன்றவரை குளிர்காலத்தில் அளக்கவும். ஓரிரு நாள் அளவீடு போதாது.
• கனடாவின் வழிகாட்டு வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 200 பெக்கரல். 200 முதல் 600 வரை இருப்பின் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், 600க்கு மேல் இருப்பின் ஓராண்டுக்குள்ளும் சீரமைக்க வேண்டும்.

எவ்வாறு அகற்றுவது?

தரைத்தளத்தைத் துளைத்து ஒரு குழாயைப் பொருத்தி, அதனுடன் இணைந்த மின்விசிறியால் தரைக்கு அடியிலுள்ள வாயுவை வீட்டிற்கு வெளியே செலுத்துவதே பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்ற முறை. இம்மின்விசிறி இடைவிடாது இயங்க வேண்டும். இம்முறையால் பெரும்பாலும் ரேடான் அளவை 80 விழுக்காட்டிற்கு மேல் குறைக்கலாம். வெடிப்புகளை அடைப்பது துணைசெய்யும். தனியே அதுமட்டும் போதாது. சன்னலைத் திறந்து வைப்பது தற்காலிகத் தீர்வே. சான்றிதழ் பெற்ற வல்லுநரிடம் பணியை ஒப்படைத்து, பணி முடிந்ததும் மீண்டும் அளந்து பார்க்கவும்.

வாடகைக்கு இருப்போரும் அளவுக்கருவியைத் தாமே வாங்கி வைக்கலாம். அளவு மிகுந்திருந்தால் முடிவை வீட்டு உரிமையாளருக்கு எழுத்து வடிவில் தெரிவிக்கவும்.