மறுமலர்ச்சி

மலர் என்ற வினையடியோடு 'சி' விகுதி சேர்ந்தால் மலர்ச்சி. வளர்ச்சி, மகிழ்ச்சி போல. முன்னால் நிற்கும் 'மறு'வுக்குப் பல முகம். நிலவில் தெரியும் கறையும் மறு, மறுப்பதும் மறு. மறுநாளில் அது அடுத்தது, மறுமணத்தில் இன்னொரு முறை. இங்கே பொருள் மீண்டும் என்பதே.

ஐரோப்பியர் 'ரினைசான்ஸ்' என்றது மறுபடி பிறத்தலை. தமிழில் மறுபிறப்பு என்றால் வினைப்பயனும் அடுத்த உடலும் நினைவுக்கு வந்துவிடும். மலர்ச்சி என்றதில் அந்தச் சிக்கல் இல்லை. செடி அதேதான், பூ புதிது. நல்ல தேர்வு.

ஈழத்தில் இச்சொல் ஒரு காலத்தின் பெயராகவே நின்றுவிட்டது. 1943இல் யாழ்ப்பாணத்தில் தமிழ் இலக்கிய மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியது. 1946 முதல் 1948 வரை 'மறுமலர்ச்சி' இதழ் வந்தது, எழுத்தாளர்கள் வரதர், அ.செ.முருகானந்தன் முதலியோர் அதன் பின்னால் நின்றனர். ஐரோப்பிய மறுமலர்ச்சியில் இத்தாலியர் பழைய கிரேக்க, இலத்தீன் ஏடுகளைத் தேடிப் போனார்கள். இவர்களோ சிறுகதை, புதுக்கவிதை என்று புதியதைத் தேடினார்கள்.

என்னைக் கேட்டால், பழையதைத் திரட்டிய வேலை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே நடந்துவிட்டது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த தமிழ்–தமிழ் அகராதி 1842இல் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளியானது. ஏறத்தாழ 58,500 சொற்கள். மானிப்பாய் அகராதி என்றும் அதற்குப் பெயர்.

எழுதும்போது ஒன்று: மறுமலர்ச்சிச் சங்கம், மறுமலர்ச்சிக் காலம் என ஒற்று மிகும். கடைத் திறப்புக்கும் விற்பனை உயர்வுக்கும் இச்சொல்லை இழுக்காதீர்கள். அதற்கு வளர்ச்சி போதும்.