மரக்குழலும் வேய்ங்குழலும்: வேங்கட வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழரின் துளைக்கருவிகளுள் தொன்மை வாய்ந்தது குழல். வேய்ங்குழல், புல்லாங்குழல் என வழங்கும் பெயர்கள் இரண்டும் மூங்கிலையே சுட்டுவன. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுப்பது தொல்காப்பிய மரபியல். அப்பகுப்பின்படி மூங்கில் புல்லேயன்றி மரம் அன்று. எனினும் சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், குழல் செய்தற்குரிய பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தைக் குறிப்பதுடன், தம் காலத்தில் மரக்குழலே வழக்கில் இருந்தது என்றும், அவற்றுள்ளும் கருங்காலி பெருவழக்கினது என்றும் பதிவு செய்துள்ளார். இன்றைய கருநாடக இசையரங்கிலோ மூங்கிற்குழலே வழங்குகிறது. பெருவழக்காய் இருந்த மரக்குழல் மறைந்தது ஏன் என்பதை, மூங்கிலும் வயிர மரங்களும் ஒருங்கே வளரும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தொண்டை நாட்டு ஆயர் குழல்

சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்பெற்றது. அதிலிருந்தும் நெல்லூர் மாவட்டத்திலிருந்தும் பகுதிகளைப் பிரித்து, 2022இல் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. இன்று ஆந்திர மாநிலத்தில் அமைந்துள்ள இந்நிலப்பகுதி, பண்டைத் தொண்டை நாட்டின் வடபுறமாகும். அந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் இடம்பெறுகிறான். அவன் தீக்கடைகோலால் கடைந்தெடுத்த நெருப்பைக் கொண்டு குழலில் துளையிட்டுப் பாலைப்பண் இசைக்கிறான். அது சலித்தபோது குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் மீட்டுகிறான். இக்கருவிகளை அவன் விலைக்குச் செய்யவில்லை. கற்ற ஆசிரியனும் அவனுக்கு இல்லை. ஒரு கருவி சலித்தவழி மற்றொன்றைச் செய்துகொள்ளும் இச்செயல், பொழுதுபோக்குக் கைவினைக்குத் தமிழிலக்கியம் தரும் தெளிவான சான்று எனலாம்.

வேங்கடத் தலைவனாகிய புல்லியின் நாட்டைப் பாடும் மாமூலனார், அந்நாட்டுக் கோவலர் காளைகளின் கழுத்தில் கட்டிய மூங்கிற்குழாயிலிருந்து இனிய புளிச்சோற்றை எடுத்து, வழிச்செல்வோருக்குத் தேக்கிலையில் பகுத்தளித்த செய்தியைக் கூறுகிறார் (அகம். 311). சோறு சுமக்கும் கலமாக மூங்கில் அவ்வாயர் கையில் அன்றாடம் புழங்கியது. இயல்பாகவே உள்ளீடற்ற அப்பொருளில் துளையிட்டால் குழல் ஆகிவிடும். கடைசல் பொறியோ துணைக்கம்மியனோ வேண்டுவதில்லை.

உரை கூறும் மரக்குழல்

அடியார்க்குநல்லார் காட்டும் குழல் இதனின் வேறுபட்டது. உயர்ந்த சமநிலத்தில் வளர்ந்த மரமாக அது இருத்தல் வேண்டும். பலதிசைக் காற்றும் கலந்து வீசுமிடத்து மரத்தில் நாதம் இராது என்பதால் அத்தகைய இடத்து மரத்தை விலக்க வேண்டும். இளமரமும் மிக முதிர்ந்த மரமும் ஆகா. வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, முறுக்குதல், பிளத்தல் முதலிய குற்றங்கள் தோன்றாமையை அறிந்து, ஓராண்டு கழிந்த பின்னரே குழல் செய்தல் வேண்டும்.

குழலின் நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். விரல் ஒன்றை ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டர் எனக் கொண்டால் நீளம் 38 சென்டிமீட்டரும், புறவிட்டம் 2.7 சென்டிமீட்டரும் ஆகும். நெல்லரிசியில் பாதி அளவு மரம் நிற்குமாறு உட்புறத்தைக் கடைதல் வேண்டும் என்கிறது உரை. அரிசியின் நீளத்திற் பாதி எனக் கொண்டாலும் இது 3 மில்லிமீட்டர் அளவினதே. இடமுகம் வெண்கல அணைசால் அடைக்கப்படும், வலமுகம் திறந்திருக்கும். தூம்பு முகத்தில் 2 விரல் நீக்கி முதல்வாய். அதிலிருந்து 7 விரல் விட்டு, மறுமுனையிலும் 2 விரல் நீக்கி, எஞ்சிய 9 விரல் அளவில் 8 துளைகள். இவற்றுள் ஒன்று முத்திரை எனக் கழிக்கப்படும். ஏனைய 7 துளைகளில் 7 விரல்கள் வைத்து ஊதப்படும்.

இவ்வமைப்பு இன்றும் மாறவில்லை என்பது கருதத்தக்கது. கருநாடக இசைக்குழலில் வாய்த்துளை நீங்கலாக 8 துளைகள் உள்ளன. அவற்றுள் இடக்கையின் 3 விரல்களும் வலக்கையின் 4 விரல்களும் ஆள்வன ஏழே. கடைத்துளை பெரும்பாலும் மூடப்படாது நிற்கிறது. பொருள் மாறியபோதும் துளைமுறை நிலைத்துள்ளது.

அரங்கும் ஆயமும்

மூங்கில் பருவத்திற்கேற்ப மாறும் இயல்பினது என்றும், வெண்கலம் வலியது என்றும், மரமே எக்காலத்தும் ஒரு நிலையில் நிற்கும் என்றும் உரையாசிரியர் காரணம் காட்டுகிறார். இக்காரணம் அரங்கேற்று காதையின் சூழலில் வைத்து நோக்கற்பாலது. அங்குக் குழலோன் தனித்து இசைப்பவன் அல்லன்; யாழாசிரியனோடும் தண்ணுமை ஆசிரியனோடும் இயைந்து ஆடலுக்கு இசைப்பவன். பல கருவிகள் ஒன்றும் இடத்தில் ஒரு கருவியின் சுருதி பிறழ்ந்தால் அரங்கு முழுதும் பிறழும். எனவே அரங்கிசை நிலைத்த சுருதியை வேண்டியது.

தனித்து ஊதும் ஆயனுக்கு அத்தேவை இல்லை. இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) காலத்துச் சேக்கிழார், ஆனாய நாயனார் புராணத்தில் குழல் செய்யும் முறையை விரிக்குமிடத்து மூங்கிலையே கொள்கிறார். துளைகளின் இடையீட்டை அங்குல அளவில் அமைக்கும் நூன்மரபு அங்கும் பேசப்படுகிறது. ஆகவே அளவு பற்றிய அறிவு அரங்கிற்கும் ஆயத்திற்கும் பொதுவாகவும், மரம் பற்றிய அறிவு அரங்கிற்கே சிறப்பாகவும் இருந்தன எனக் கொள்ளலாம். சரப சாஸ்திரி (1872-1904) காலம் முதல் குழல் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்ந்தது. தனிக்கச்சேரியில் குழலின் சுருதிக்கே பிற கருவிகள் கூட்டப்படுகின்றன. வேறு சுருதி வேண்டின் வேறு குழல் எடுக்கப்படுகிறது. மரத்திற்குச் சிறப்பளித்த தேவை இவ்வாறு தளர்ந்தது எனக் கருத இடமுண்டு.

மரப்பெயர்ச் சிக்கல்

செங்காலி என்பதைச் சேஷாசல மலைத்தொடரில் வளரும் செம்மரமாகக் கொள்ளும் எண்ணம் இவ்வட்டார ஆர்வலர்க்கு எளிதில் எழக்கூடும். ஆயின் உரையில் அதற்குச் சான்றில்லை. கருங்காலியோடு இணைத்து எண்ணப்படுவதாலும், செங்கருங்காலி என்னும் மரப்பெயர் தமிழில் வழங்குவதாலும் அது கருங்காலியின் இனமாதலே பொருந்தும். உரை கூறும் சந்தனமும் நறுமணச் சந்தனமே. மணமற்ற செஞ்சந்தனம் அன்று.

இது சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடும் சிக்கல் அன்று. செம்மரம் இசைக்கருவிக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஜப்பானியரின் ஷாமிசென் என்னும் நரம்புக்கருவியின் தண்டு இம்மரத்தால் செய்யப்படுகிறது. உலகில் இம்மரம் இயற்கையாக வளரும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே. 1995 முதல் இதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களுக்கான உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். உரையில் இல்லாத மரத்தை உரையின் பெயரால் குழலுக்கு வேண்டுவது, இத்தகைய வரலாறுடைய காட்டின்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகும்.

செய்தலும் பேணுதலும்

மரக்குழலைத் தம் விருப்பத்திற்குச் செய்வோர்க்கு உரை இன்றும் வழிகாட்டுகிறது. ஊதுவோரின் மூச்சில் உள்ள ஈரம் உட்சுவரை உப்பச் செய்யும். புறச்சுவரோ வெயிலிலும் காற்றிலும் உலரும். இவ்விரண்டின் இழுபறியால் மரம் வெடிக்கிறது. ஓராண்டு நிழலில் ஆற்றுதல் என்னும் விதி இக்குற்றத்தை முன்கூட்டியே களையும் முயற்சியாகும். புதுக்குழலை முதற்சில வாரங்கள் சிறிது நேரமே ஊதுதல், ஊதியபின் உட்புற ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தல், அவ்வப்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுதல், வெயில் படாது வைத்தல் ஆகியன கருங்காலி போன்ற வயிர மரத்தாலான குழல்களைப் பேணும் முறைகளாகும். ஐரோப்பியரும் தம் மரக்குழல்களை இம்முறையிலேயே காத்தனர். அங்கு 1847இல் தியோபால்டு போம் உருளை வடிவ உலோகக் குழலை அமைத்தபின் அரங்கில் மரம் படிப்படியாக இடம் இழந்தது. அயர்லாந்தின் நாட்டார் இசையில் மரக்குழல் இன்றும் வழங்குகிறது.

திருப்பதி மாவட்டத்து ஏர்ப்பேட்டை அடுத்த மாதவமாலா சிற்றூர் மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்றது. கார்வேட்டிநகரத்தில் குழலூதும் வேணுகோபாலனுக்குக் கோயில் உள்ளது. அத்தெய்வப் பெயரை முத்திரையாகக் கொண்டு சாரங்கபாணி தெலுங்குப் பதங்களை இயற்றினார். மரம் செதுக்கும் கையும் குழலைப் போற்றும் மரபும் இவ்வாறு அருகருகே உள்ளன. ஆர்வலர் முறையான வழியில் கிடைக்கும் கருங்காலியைக் கொண்டு, செதுக்கும் கையின் துணையோடு உரையின் அளவுகளைச் சோதித்துப் பார்த்தல் பயனுடையது. அரிசிப்பாதிக் கனம் மரத்தில் நிற்குமா என்பதைக் கைப்பழக்கம் ஒன்றே தெளிவாக்கும்.

முடிவுரை

மரக்குழல் மறைந்தமைக்கு அதன் இசைக்குறை காரணமன்று. அது கம்மியன், கடைசல் பொறி, வெண்கல அணைசு, ஓராண்டுப் பொறுமை ஆகியவற்றை வேண்டி நின்றது. அரங்கின் தேவை தளர்ந்தபோது அவற்றை ஒருங்கே தாங்குவார் இல்லாதாயினர். மூங்கிற்குழலோ தனக்கெனச் செய்துகொள்வோர் கையில் ஆயர் காலம் முதல் அறாது வாழ்ந்தது. வனமல்லாத நிலத்தில் வளரும் மூங்கிலை மரம் என்னும் வரையறையிலிருந்து நடுவணரசு 2017இல் நீக்கியது. தொல்காப்பியம் புல் எனப் பகுத்த பொருள் சட்டத்திலும் மரம் அல்லாததாயிற்று. ஆயனின் குழல் மீண்டும் எளிதாயிற்று. மரக்குழலை மீட்பது ஆர்வலர் முயற்சியால் இயலக்கூடியதே. அதற்கு அடியார்க்குநல்லாரின் உரை வெறும் இலக்கணமாக நில்லாது, செய்முறை ஏடாகவும் பயிலப்படுதல் வேண்டும்.