திறந்தவெளித் திரையிடலில் ஒலிபெருக்கி இணைப்பு

திறந்தவெளித் திரையிடலில் ஒலிபெருக்கி இணைப்பு என்பது வீட்டுக் கொல்லை, மொட்டை மாடி, ஊர்ப் பொட்டல் போன்ற கூரையற்ற இடங்களில் திரைப்படம் காட்டும்போது, பெருக்கியிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) ஒலிபெருக்கிகளுக்குக் கம்பி இழுத்து ஒலியமைப்பதைக் குறிக்கும். மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய சுற்றுப்புறச் சமவெளிப் பகுதிகளிலும் இப்பணியைப் பெரும்பாலும் "மைக் செட்" வாடகைக் கடைகள் செய்து வருகின்றன. பார்வையாளர் அனைவருக்கும் உரையாடல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதே ஒலி அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கக் கூடாது. இவ்விரண்டையும் நிறைவு செய்வதே இவ்வமைப்பின் நோக்கமாகும்.

வரலாறு

தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டும் வழக்கத்தைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 ஆம் ஆண்டில் தொடங்கினார். அவை ஊமைப் படங்கள். 1931 இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்த பின்னர் ஒலிபெருக்கி இன்றியமையாததாயிற்று. டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகளில் படத்தின் ஒலிக்கான ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால் வைக்கப்பட்டது. காட்சி தொடங்கப் போவதை அறிவிக்கும் கூம்பு ஒலிபெருக்கி வெளியே உயரத்தில் கட்டப்பட்டது. மரங்களும் கட்டடங்களும் குறைந்த சமவெளியில் அதன் பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும். அது மக்களை அழைப்பதற்கான கருவி. படத்தின் ஒலிக்கானது அன்று. 1980களில் வீடியோ டெக் பரவியபோது ஊர்த் திருவிழாக்களிலும் அண்மைக்காலத்தில் எண்முறை ஒளிவீழ்த்திகள் வந்தபின் வீடுகளிலும் திறந்தவெளித் திரையிடல் தொடர்ந்தது.

திறந்தவெளியில் ஒலியின் இயல்பு

அரங்கினுள் சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். வெளியில் அவ்வாறு திரும்பும் ஒலி இல்லை. ஒலிமூலத்திலிருந்து தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும்.

எடுத்துக்காட்டாக, 10 மீட்டரில் அமர்ந்திருப்பவருக்கு 74 டெசிபெல் கிடைக்குமாறு திரையருகே ஒரே ஒலிபெருக்கியை வைத்தால், 40 மீட்டரில் உள்ள எல்லையில் 62 டெசிபெல் இருக்கும். மாறாக, நான்கு சிறு ஒலிபெருக்கிகளைப் பார்வையாளருக்கு 2.5 மீட்டர் அருகே வைத்து அதே 74 டெசிபெல்லைத் தந்தால், 40 மீட்டரில் ஒவ்வொன்றிலிருந்தும் 50 டெசிபெல்லும் நான்கும் சேர்ந்து சுமார் 56 டெசிபெல்லுமே சென்று சேரும். எனவே தொலைவில் ஒரு பெரிய ஒலிபெருக்கியை வைப்பதைவிட அருகில் பல சிறியவற்றை வைப்பதே சிறந்தது.

இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் தரையை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அப்போது ஒலி அலைகள் கீழ்நோக்கி வளைந்து பகலைவிட வெகுதொலைவு செல்கின்றன. பகலில் சோதித்து வைத்த ஒலி அளவு இரவில் மிகுதியாகி விடுவதற்கு இது ஒரு காரணமாகும்.

இணைப்பு முறைகள்

ஓம் இணைப்பு: வீட்டு ஒலிபெருக்கிகள் பொதுவாக 4 அல்லது 8 ஓம் மின்மறுப்பு உடையவை. இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் 4 ஓமும், தொடர் இணைப்பில் இணைத்தால் 16 ஓமும் கிடைக்கும். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு தொடர்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால் நான்கிற்கும் சேர்த்து 8 ஓம் ஆகும். பெருக்கியில் குறித்துள்ள குறைந்த அளவுக்கும் கீழே சென்றால் அது சூடேறிப் பழுதாகும்.

கம்பியின் மின்தடையும் கருதத்தக்கது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டருக்கு ஏறத்தாழ 0.8 ஓம் ஆகும். 4 ஓம் இணைப்பில் திறனில் சுமார் 17 விழுக்காடு கம்பியிலேயே வீணாகும். 8 ஓமில் இது 9 விழுக்காடு.

100 வோல்ட் இணைப்பு: நெடுந்தொலைவுக்கு மைக் செட் கடைகள் கையாளும் முறை இது. ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரு சிறு மின்மாற்றி இருக்கும். 30 வாட் ஒலிபெருக்கி 333 ஓம் போல் தோன்றுவதால் கம்பி இழப்பு மிகக் குறைவு. எல்லா ஒலிபெருக்கிகளும் பக்க இணைப்பில் இணைக்கப்படும். அவற்றின் மொத்த வாட், பெருக்கியின் திறனில் 80 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நன்று. மின்மாற்றி இல்லாத 8 ஓம் ஒலிபெருக்கியை இதில் நேரடியாக இணைத்தல் கூடாது. முழு மின்னழுத்தத்தில் அது 1250 வாட் வரை இழுக்க முற்படும். ஒலிபெருக்கியோ பெருக்கியோ எரிந்துவிடும்.

இரு முறைகளிலும் நேர், எதிர் முனைகள் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினால் தாழ்சுரங்கள் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலியும். 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டால் பெட்டி ஒலிபெருக்கியின் தாள் முன்னே தள்ளப்படுகிறதா எனப் பார்த்து நேர்முனையை அறியலாம்.

காலத்தாழ்ச்சி

வெப்பநிலை 30 பாகை செல்சியசாக இருக்கும்போது ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்லும். 17 மீட்டர் கடக்க ஏறத்தாழ 1/20 நொடி ஆகும். நீண்ட இடங்களில் பின்வரிசை ஒலிபெருக்கிக்குச் செயற்கையாகத் தாழ்ச்சி தராவிடில் சொற்கள் இரட்டிப்பாகக் கேட்கும். புளூடூத் இணைப்பிலும் தாழ்ச்சி உண்டு. உதடசைவும் ஒலியும் பொருந்தக் கம்பி இணைப்பே ஏற்றது.

பாதுகாப்பு

100 வோல்ட் கம்பியைப் பெருக்கி இயங்கும்போது வெறுங்கையால் தொடுதல் தீங்கானது. 230 வோல்ட் மின்வழங்கலுக்கு நில இணைப்பும் கசிவு மின்துண்டிப்பானும் தேவை. கம்பிகளை நடைபாதையில் கிடத்தாமல் உயர்த்திக் கட்ட வேண்டும். மதுரைப் பகுதியில் கோடை மாலைகளில் இடிமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் இணைப்பு முனைகளைத் தரைக்கு மேல், நனையாதவாறு அமைத்தல் வேண்டும்.

சட்ட வரம்புகள்

இந்திய ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 இன்படி ஒலிபெருக்கிக்கு உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்களிக்கலாம். குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55 டெசிபெல். தனியார் இடத்தின் எல்லையில் ஒலி இவ்வரம்பை 5 டெசிபெல்லுக்கு மேல் தாண்டலாகாது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் ஒற்றை ஒலிபெருக்கி இந்த 60 டெசிபெல்லை மீறுகிறது. அருகில் வைத்த நான்கும் வரம்பினுள் அமைகின்றன.